வெள்ளிப் பட்டை போட்ட சிலுவார்

யோகேஸ்வரியின் கடைக்கு வருகிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒன்று பொருந்தாமல் போனவர்கள்தான். இடுப்பு பெருத்தவர்கள், மெலிந்தவர்கள், அண்ணனின் சட்டையைப் போட்டுத் தீர வேண்டியவர்கள், ஆன்லைனில் வாங்கி ஏமாந்தவர்கள். ஜொகூர் பாருவில் பழைய ஷாப்பிங் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில், எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் இருக்கிறது அவருடைய துணி ஆல்ட்டர் கடை. எதிரே என்னுடைய போட்டோஸ்டேட் கடை. பக்கத்திலேயே காலேஜுகள் இருப்பதால், பிள்ளைகள் என்னிடம் அசைன்மெண்டை அச்சடிக்கக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவரிடம் போய் சிலுவாரைக் கொடுப்பார்கள். கால்சட்டைக்கு எங்கள் ஊரில் சிலுவார் என்றுதான் பெயர்.

கடை வைப்பதற்கு முன்னால் யோகேஸ்வரி செனாயில் ஒரு ஜீன்ஸ் பெக்டரியில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கும் வரை இருந்தார்.

"ஒரு முழு சிலுவாரை நான் தைச்சதே கிடையாதுண்ணே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "இடது பக்கம், பின் பாக்கெட். அது மட்டும்தான் என் வேலை. வெளிய போனா ஆளுங்க பின்னாடியே பாத்துக்கிட்டு நடப்பேன், என் பாக்கெட்டா இருக்குமோன்னு. என் வீட்டுக்காரருக்கு மானமே போயிரும்."

பெக்டரி வேறு நாட்டுக்கு இடம் மாறியபோது, அங்கே விற்ற பழைய தையல் மெஷின்களில் இரண்டை வாங்கிக்கொண்டு வந்து இந்தக் கடையைப் போட்டார்.

துணி விஷயத்தில் அவருக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. எந்த வருடம் எதைப் போடுவது என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? பெக்டரியில் இருந்த காலத்தில் அதற்கென்று ஓர் ஆபீஸ் இருக்கும் என்றே நம்பியிருக்கிறார். ஏதோ ஒரு நாட்டில், ஏர்கான் அறையில், நாலு பேர் உட்கார்ந்து அடுத்த வருடம் கால் குறுகட்டும் என்று சொல்லுவார்கள். செனாயில் இவருக்குப் பாக்கெட் சின்னதாகிவிடும். கடை வைத்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சில வருடங்கள் பிள்ளைகள் வரிசையாக வந்து சிலுவார் காலைக் குறுக்கச் சொன்னார்கள். பாதம் நுழைவதே கஷ்டம் என்கிற அளவுக்குக் குறுக்கிக் கொடுத்தார். கோவிட் வந்து எல்லாம் மூடிக் கிடந்தது. திரும்பக் கடை திறந்தபோது அதே பிள்ளைகள் வந்து, தொளதொளவென்று வேண்டும் என்று நின்றார்கள். ஆளுக்கு ஒரு வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்கு எப்படி ஒரே ஆசை வந்தது?

"யாரு சொன்னது உங்களுக்கு?" என்று கேட்பார்.

"யாரும் சொல்லல ஆண்ட்டி. இப்ப இதுதான் லா."

அவருடைய கணவர் சபாபதி, வேலையாட்களை ஏற்றி இறக்கும் பெக்டரி பஸ் ஓட்டுகிறவர். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் "எல்லாம் கொரியாக்காரன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். யோகேஸ்வரிக்கு அது போதவில்லை. கொரியாக்காரனுக்கு யார் சொன்னது?

இப்படி இருக்கும்போதுதான் லோஷினி வந்தாள்.

ஒரு மத்தியானம். அச்சடிக்க ஏதோ கொடுத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனாள். பத்தொன்பது இருபது வயது இருக்கும். முகம் உருண்டு வீங்கியிருந்தது. கன்னம் கண்ணைப் பாதி மறைத்தது. சுவரை ஒட்டியே நடந்தாள். ஒரு நீல ஜீன்ஸை எடுத்து மேசைமேல் வைத்து, "ஆண்ட்டி, இத லூஸ் பண்ண முடியுமா?" என்று கேட்டாள்.

யோகேஸ்வரி சிலுவாரைப் புரட்டி உள்தையலைப் பார்த்தார். "உள்ள துணியே விடலம்மா. பிரிச்சாலும் ஒரு விரல்கூடக் கிடைக்காது. புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமே? இதவிட அது சுலபம்."

"வாங்க மாட்டேன்."

அவள் சொன்ன விதத்தில் யோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

"கிட்னியில பிரச்சனை ஆண்ட்டி. அதுக்குக் கொடுத்த மாத்திரைதான் இப்படி ஊத வச்சிருச்சு. இது மாத்திரையோட உடம்பு. பெரிய சைஸ் வாங்கினா, இதுதான் என் உடம்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும். என் உடம்பு திரும்பி வரும். அதுவரைக்கும் இந்தச் சிலுவார் பத்தணும்."

யோகேஸ்வரி சிலுவாரை மறுபடி கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, இடுப்பிலிருந்து பாதம் வரை நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் சரியாக வரும் என்றார். நீலத் துணி ஏதாவது ஒத்துப்போகுமா என்று வெட்டுத் துணிப் பையைக் கொட்டித் தேடினார். எதுவும் ஒத்துவரவில்லை. லோஷினியின் கண் மெஷின் பக்கம் கிடந்த ஆரஞ்சுத் துணிமேல் போனது. ஒரு பெக்டரியின் சேஃப்டி வெஸ்ட்டுகள் பழுது பார்க்க வந்திருந்தன. ரோட்டு வேலைக்காரர்கள் போடுவார்களே, குறுக்கே வெள்ளிப் பட்டை வைத்து, அந்த மாதிரி. இனி தேறாது என்று கழித்துப் போட்டவற்றின் துண்டுகள் அவை.

"எங்க அப்பா போடற மாதிரியே இருக்கு" என்றாள். அவளுடைய அப்பா தங்கராஜு தினமும் விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பின்னால் வரும் லோரிக்காரன் கண்ணில் படவேண்டுமே என்று அப்படி ஒரு வெஸ்ட் போடுவார். பாலத்தில் போகிற ஆயிரக்கணக்கான மோட்டார்க்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். "இத வைங்க ஆண்ட்டி."

"ஐயோ, இதையா? எல்லாரும் உன்னையே பாப்பாங்கம்மா."

"இப்பவும் என்னையேதான் பாக்கறாங்க. மூஞ்சியப் பாத்துட்டு, டக்குனு வேற பக்கம் திரும்பிக்கறாங்க. எப்படியும் பாக்கத்தான் போறாங்க, காலைப் பாக்கட்டும்."

யோகேஸ்வரி அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. வெஸ்ட் துணி மெல்லிசு என்பதால் பின்னால் கெட்டித் துணி வைத்து, வெள்ளிப் பட்டை நடுவில், இரண்டு ஓரமும் ஆரஞ்சு தெரிகிற மாதிரி நிறுத்தி நிதானமாகத் தைத்தார். சாயங்காலம் லோஷினி அதைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். நான் கவுண்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எஸ்கலேட்டரை நோக்கி நடந்தாள். சுவரை ஒட்டி இல்லை. நடைபாதையின் நடுவில், தோள்களைப் பின்னால் தள்ளி, எதிரே வருகிறவர்கள் வேண்டுமானால் விலகிக்கொள்ளட்டும் என்பது போல நடந்தாள். மத்தியானம் வந்த பெண்தானா இது என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

இரண்டு வாரம் போயிருக்கும். சாந்தினி என்று ஒரு பெண், லோஷினியோடு படிக்கிறவள், ஒரு ஜீன்ஸோடு வந்தாள். "லோஷினிக்கு வச்ச மாதிரி எனக்கும் ஆண்ட்டி."

"உனக்கு எதுக்கு? உனக்குத்தான் இது அளவாயிருக்கே?"

சாந்தினி போனை எடுத்துக் காட்டினாள். யோகேஸ்வரி அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். காலேஜில் ஏதோ கலை நிகழ்ச்சி. மேடைக்குப் பக்கத்தில் மங்கிய வெளிச்சத்தில் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். போன் ஃபிளாஷ் அடித்திருக்கிறது. எல்லார் முகமும் உடையும் மங்கலாகக் கிடக்க, நடுவில் ஒருத்தியின் இடுப்பிலிருந்து பாதம் வரை இரண்டு வெள்ளைக் கோடுகள் எரிகின்றன. அந்தப் பட்டையைக் கண்ணால் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான். ஃபிளாஷ் பட்டதும் அது டியூப் லைட் மாதிரி ஆகிவிடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. லோஷினியின் வீங்கிய முகம் அந்தப் படத்தில் தெரியவில்லை. அவள் நிற்கிற நிமிர்வுதான் தெரிந்தது.

"அலமாக்" என்று மெதுவாக வியந்தார் யோகேஸ்வரி.

நல்ல சிலுவார்மேல் பட்டையை ஒட்டித் தைக்க அவருக்குக் கை வரவில்லை. காரணம் இல்லாமல் ஒரு துணியில் கை வைப்பது அவருக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் தைத்துக் கொடுத்தார். அகலப்படுத்த வேண்டிய தேவை இல்லாததால் தையலைப் பிரிக்காமல், பட்டையை மேலேயே வைத்து ஓட்டினார். அடுத்த வாரம் சாந்தினியின் தோழிகள் வந்தார்கள். பிறகு காலேஜுக்கு வெளியே இருந்தும் வந்தார்கள்.

யோகேஸ்வரி ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினார், இதை எங்கே பார்த்தாய் என்று. இந்த ஒன்றுக்காவது ஆரம்பம் அவருக்குத் தெரியும். ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தெரிந்தவர், அது எந்த வழியாக ஓடுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். ஆரம்பத்தில் வழி தெரிந்தது. சாந்தினியிடம் பார்த்தவர்கள், சாந்தினியின் தோழியிடம் பார்த்தவர்கள். ஒரு மாதத்துக்குள் அது கையை விட்டுப் போய்விட்டது. ஒரு சீனப் பெண் சிங்கப்பூரில் ரயிலில் பார்த்தேன் என்றாள். ஹக்கிம் என்கிற மலாய்ப் பையன், மூவாரில் தன் சித்தி மகன் போட்டிருந்தான், அங்கே எல்லாரும் போடுகிறார்கள் என்றான். இன்னொருத்தி டிக்டாக்கில் என்றாள். ஜப்பானில் இருந்து வந்தது என்று ஒருவன் அடித்துச் சொன்னான்.

"ஜப்பான் இல்ல தம்பி. இங்கதான். இந்த மெஷின்லதான்" என்றார் யோகேஸ்வரி.

அந்தப் பையன் மரியாதையாகச் சிரித்தான். ஒரு வார்த்தைகூட நம்பவில்லை.

வெஸ்ட் துண்டுகள் தீர்ந்துபோய், ஹார்ட்வேர் கடையில் பட்டையைச் சுருள் சுருளாக வாங்கினார். ரோட்டு காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறீர்களா என்று அந்தக் கடைச் சீனர் கேட்டாராம்.

இதற்கிடையில் அவர் ஒரு சோதனை செய்து பார்த்தார். பச்சை நிறத்தில் அதே மாதிரிப் பட்டை வாங்கி, ஐந்தாறு சட்டைகளின் கைகளில் வளைத்துத் தைத்து, கடை வாசலில் தொங்கவிட்டார். எனக்கே பிடித்திருந்தது; அவ்வளவு அழகாக இருந்தது. பிள்ளைகள் அதைத் தாண்டி உள்ளே வந்து சிலுவாருக்குப் பட்டை கேட்டார்கள். ஒருவர்கூடக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் சபாபதி ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினார்.

"அதே பட்டைதானேண்ணே" என்றார் யோகேஸ்வரி, அவற்றை மடித்து வைத்துக்கொண்டே. "இத்தனை வருஷமா பாலத்துல அத்தனை பேரு முதுகுல மின்னிக்கிட்டுப் போகுது. எவனாவது அழகுன்னு சொன்னானா? அந்தப் பொண்ணு போட்டதும் எல்லாருக்கும் வேணும்."

"அவ நடந்த நடை அப்படி" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்தத் துணிச்சலத்தான் இதுங்க கேக்குது, துணிய இல்லன்னு. ஆனா மூவார்ல இருக்கற பையன் அவ நடந்ததப் பாக்கலையே? பாத்தவனப் பாத்தவனத்தானே அவன் பாத்திருப்பான்? அந்த நடை எப்படிண்ணே இந்தத் துணியோட ஒட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் போச்சு?"

ஒன்று மட்டும் சொல்லலாம், அவர் சொன்னதில் ஒன்று உண்மை. பட்டை வைத்த சிலுவாரைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரைக்கு வெளியே வருகிற பிள்ளைகளைக் கவனித்தேன். கூச்சப்பட்டு வந்த பையன்கள்கூட, கொஞ்சம் தோளைப் பின்னால் தள்ளி, நடைபாதையின் நடுவில்தான் நடந்து போனார்கள். அவர்களில் யாரும் லோஷினியைப் பார்த்ததில்லை.

லோஷினியை நாங்களும்தான் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டு போன கொஞ்ச நாளில் அவள் வருவது நின்றுவிட்டது. கேட்டால் சாந்தினி, காலேஜுக்கு லீவு போட்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கராஜு ஏதோ அச்சடிக்க என் கடைக்கு வந்தார். மெலிந்த மனிதர், வெயிலில் கருத்த கைகள். காகிதம் வருவதற்காக நிற்கும்போது எஸ்கலேட்டரில் மூன்று பையன்கள் பட்டை வைத்த சிலுவாரோடு மேலே வந்தார்கள். அவர் அவர்களையே பார்த்தார்.

"என் மககூட இப்படி ஒண்ணு போடும்" என்றார் என்னிடம். "அது இப்ப ஆஸ்பத்திரில இருக்கு. திரும்ப நீர் கோத்துக்கிச்சு."

நான் யோகேஸ்வரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து, இந்தப் பையன்கள் போட்டிருப்பதும், இந்த ஊரில் கண்ணில் படுகிற அத்தனையும் உங்கள் மகளிடமிருந்துதான் புறப்பட்டது என்று அவருக்கு விளக்கிச் சொன்னார். தங்கராஜு தலையாட்டினார், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "வந்து பாருங்களேன், அது சந்தோஷப்படும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் யோகேஸ்வரியும் நானும் போனோம். லோஷினி ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்து ஏற்றும் ஊசி. முகம் இன்னும் பெரிதாகியிருந்தது. யோகேஸ்வரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூவார், சிங்கப்பூர் ரயில், ஜப்பான் என்று எல்லாவற்றையும் சொன்னார். லோஷினி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கண் கலங்கிவிட்டது. மகிழ்ச்சியால் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"அவங்களுக்கு என்ன ஆண்ட்டி, ஊதியா போச்சு?" என்றாள். "எனக்கு வேற வழி இல்லாம வச்சது. அவங்களுக்கு அது வெளையாட்டா?"

யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டோமோ, எல்லாருக்கும் தைத்துக் கொடுத்திருக்கக் கூடாதோ என்று அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் எதிர்க் கட்டிலில் இருந்த பாட்டியைப் பார்க்க ஒரு மலாய்ப் பெண் வந்தாள். பதினாறு வயது இருக்கும். தலையில் வெள்ளை முக்காடு, தொளதொளச் சட்டை, கீழே பட்டை வைத்த ஜீன்ஸ். லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அந்தப் பெண் திரும்பியதும், மலாயில், "உன் சிலுவார் அழகாயிருக்கு. எங்கே வாங்கினாய்?" என்று கேட்டாள்.

"நானே தைத்தேன்" என்றாள் அவள், பெருமையாக. "யூட்யூபில் பார்த்து. தையல் கோணலாக இருக்கும், கிட்ட வந்து பார்க்காதீர்கள்." பிறகு கொஞ்சம் தயங்கி, "இதைப் போட்டால் எனக்குப் பயம் வருவதில்லை. பள்ளியில் பேச்சுப் போட்டிக்கும் இதைப் போட்டுக்கொண்டுதான் போனேன்" என்றாள்.

ஏன் என்று லோஷினி கேட்டாள்.

"தெரியவில்லை அக்கா. இதைப் போட்டவர்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கிறார்கள்."

அவள் தன் பாட்டியிடம் போய்விட்டாள். யோகேஸ்வரி என்னைப் பார்த்தார். அவருடைய முன்கையில் மயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்த்தேன். யாரும் யாரிடமும் சொல்லாத ஒன்று, ஒரு தையலுக்குள் இருந்துகொண்டு, ஆள்மாறி ஆள்மாறி, கடைசியில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

"ஆண்ட்டி" என்றாள் லோஷினி. "இங்கருந்து வெளிய போனதும் எனக்கு அதப் பாக்கணும். எல்லாரும் போட்டுக்கிட்டுப் போறத."

தீபாவளிக்கு முந்தின வாரம் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தங்கராஜு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் கட்டடத்துக்கு வந்தார். யோகேஸ்வரி கடையைச் சீக்கிரமே அடைத்தார், நானும் அடைத்தேன். கட்டடத்து வாசல் படியில் உட்கார்ந்தோம். எதிரே பெரிய சாலை. அதைக் கடந்தால் தீபாவளிச் சந்தை. முறுக்கு வாசனையும் மைக் சத்தமும் சாலை தாண்டி வந்தன. சூரியன் மறைந்து வானம் இன்னும் முழுசாக இருட்டாத நேரம். சந்தைக்குப் போகிற இளவட்டங்கள் சிக்னலுக்காகக் கொஞ்சம் தள்ளி சாலையோர நடைபாதையில் கூட்டமாக நின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள். அந்த மங்கலில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது. கூட்டம் சாலையில் இறங்கியது. அதே சமயம், லார்க்கின் பஸ் நிலையத்தில் இருந்து வந்த பஸ்கள் எங்கள் படிக்கு நேராகச் சிக்னலில் வந்து நின்றன, முன்விளக்குகளோடு.

சாலை முழுக்கக் கோடுகள் எரிந்தன. ஒவ்வொரு காலும் ஒரு வெள்ளைக் கோடு. முன்னால் போவதும் பின்னால் வருவதும் குறுக்கே ஓடுவதுமாக, ஆட்கள் மறைந்துபோய் நடை மட்டும் எஞ்சியது போல இருந்தது. நூறு பேரோ அதற்கும் மேலோ, நான் எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, வெளிச்சத்தை விட்டு விலகியதும் ஒவ்வொரு கோடாக அணைந்தது.

தங்கராஜு எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியாது.

"நான் தெனம் இதப் போட்டுக்கிட்டு முன்னாடி பாத்தே ஓட்டறேன்" என்றார். "பின்னாடி இருந்து பாத்தா இப்படியா இருக்கும்?"

லோஷினி அடுத்த சிக்னல் வரை காத்திருந்தாள். அது விழுந்ததும் படியை விட்டு இறங்கி, யாரிடமும் சொல்லாமல் கூட்டத்தோடு சாலையைக் கடந்தாள். அவளும் அந்தச் சிலுவாரைத்தான் போட்டிருந்தாள். பஸ் வெளிச்சம் பட்டதும் எது அவள் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. யோகேஸ்வரி கழுத்தை நீட்டி நீட்டித் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார் என்றும் சொல்லலாம்.

லோஷினிக்கு மெதுவாகக் குணமானது. மாத்திரை குறைந்தது. அடுத்த வருடம் படிப்பை முடித்து, செனாய் விமான நிலையத்தில் ஒரு கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் எதிர்பார்த்த பழைய உடம்பு அப்படியே திரும்பி வரவில்லை. வேறொன்று வந்தது, அது பரவாயில்லை என்று அவளே சொன்னாள்.

வெள்ளிப் பட்டையும் அவ்வளவு நாள் தாங்கவில்லை. ஒரு சூப்பர்மார்க்கெட்காரன் தன் வேலையாட்கள் எல்லாருக்கும் அந்த மாதிரிச் சிலுவாரை யூனிஃபார்மாகக் கொடுத்தான். அதோடு பிள்ளைகளுக்கு விட்டுப்போயிற்று. வந்த வேகத்திலேயே போனது. ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் எல்லாரும் சிலுவாரைக் கொண்டுவந்து பட்டையைப் பிரிக்கச் சொன்னார்கள். தான் தைத்ததை எல்லாம் யோகேஸ்வரியே உட்கார்ந்து பிரித்தார். வருத்தமா என்று கேட்டேன். "இல்லண்ணே, வியப்பாத்தான் இருக்கு. வரும்போதும் சொல்லாம வந்துச்சு, போகும்போதும் சொல்லாம போகுது" என்றார்.

பட்டையைப் பிரித்ததும் அடியில் இருந்த துணி தெரிந்தது. சிலுவாரின் மற்ற இடமெல்லாம் வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்க, பட்டை மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய கருநீலமாக, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு கோடாக இறங்கியது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, போகப் போக வெளுக்கும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார். முதலில் பிரித்துக்கொண்டு போனவள் சாந்தினி.

அவள் போன நாலைந்து நாளில், மற்றவர்கள் பிரிக்க வரத் தொடங்கும் முன்பே, புதிய பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். இதுவரை நாங்கள் பார்த்திராத முகம். வெளுத்த ஜீன்ஸ் ஒன்றை மேசைமேல் விரித்தாள். அதில் எந்தக் காலத்திலும் பட்டை வைத்துத் தைத்ததில்லை.

"ஆண்ட்டி, இந்த ஓரத்துல கருநீலமா ஒரு கோடு வர வைக்க முடியுமா? ஏதோ இருந்து எடுத்த மாதிரி?"

யோகேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "யாருகிட்டம்மா பாத்த?"

"யாருகிட்டன்னு இல்ல ஆண்ட்டி" என்றாள் அந்தப் பெண். "இப்ப எல்லாரும் அதான் போடறாங்க."

யோகேஸ்வரி சட்டென்று திரும்பி, எதிரே இருந்த என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்து அன்றைய தேதியில் ஊரில் அப்படி ஒரே ஒரு சிலுவார்தான் இருந்தது.